தாத்தாவும் பேரனும் ஒரே புள்ளி

அருப்புக்கோட்டையில் இந்தக் கம்ப்யூட்டர் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மலர் போடுகிறீர்கள் என்றும், ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நானும் எதையாவது எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். எந்த லைப்ரரியை, அதாவது பிறர் எழுதி வைத்த எந்த நிரல் தொகுப்பைப் படித்தால் எதிர்காலம் உண்டு என்று எழுதுவேன் என நினைத்திருப்பீர்கள். நான் படித்த லைப்ரரிகளில் பாதி செத்துப்போய்விட்டன. மீதியைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் இருளாயி என்ற ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். அவருக்கும் நம் தொழிலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம் தொழில்தான் போய் அவர் தலையில் விழுந்தது. உற்சாகமூட்டும் கட்டுரை வேண்டும் என்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உறவுகளைப் படமாகக் காட்டுவதுதான் நான் பார்த்த வேலை. யாருக்கு யார் என்ன வேண்டும், எது எதோடு சேர்ந்தது என்று அட்டவணையில் கிடப்பதை எடுத்து, ஜாவாஸ்கிரிப்டில் எழுதி, பிரவுசரில் புள்ளியும் கோடுமாகத் தெரிய வைப்பது. 'புள்ளி வச்சுக் கோடு இழுக்கறதுக்கா இம்புட்டுப் படிப்பு' என்று என் மனைவி கேட்பாள். படத்தைத் திறந்ததும் புள்ளிகள் கொஞ்ச நேரம் நடுங்கும், ஒன்றையொன்று தள்ளும், பிறகு மெல்ல அடங்கி ஓரிடத்தில் நிற்கும். பார்க்க வரும் பெரிய மனிதர்கள் அந்த நடுக்கத்தைக் கண்டு, கம்ப்யூட்டர் யோசிக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அது ஒன்றையும் யோசிப்பதில்லை. நெரிசலான பஸ்ஸில் நாம் ஒதுங்கி நிற்பதுபோல ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவே. ஆனால் புள்ளிகள் அடங்கியதும் பார்ப்பவர் மனமும் அடங்கிவிடும். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதை நான் பார்த்ததில்லை.

திருச்சுழிக்குத் தெற்கே, நரிக்குடிப் பக்கமாக, மானாவாரிப் புஞ்சைகளை வாங்கி சோலார் தகடு பதிக்க ஒரு கம்பெனி வந்தது. பெயர் வேண்டாம். குதிரைவாலியும் சீமைக்கருவேலமும் விளைகிற பூமி. மழைக்குத்தான் பஞ்சம், வெயிலுக்குப் பஞ்சமில்லை. அந்த வெயிலை அறுவடை செய்ய வந்தவர்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. நிலம் தாத்தா பெயரில் இருக்கும், தாத்தா இருக்க மாட்டார், வாரிசுகள் திருப்பூரிலும் சென்னையிலும் சிதறிக் கிடப்பார்கள். யார் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று வக்கீல்களே குழம்பினார்கள். அதைப் படமாக்கித் தரும் வேலை எங்கள் மாடி ஆபீசுக்கு வந்தது.

ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு குடும்ப மரம் வரைய வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் பச்சைப் புள்ளி. போட வேண்டாதவர் சாம்பல் நிறப் புள்ளி. நிலத்துக்காரர் உயிரோடு இருந்தால் அவர் மட்டும் பச்சை, கீழே இருக்கும் பிள்ளை குட்டிகள் எல்லாம் சாம்பல். அவர் இறந்திருந்தால் வாரிசுகள் பச்சை. விதி இவ்வளவுதான், ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

எங்கள் மேனேஜர் மதுரையிலிருந்து தினமும் வந்து போகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டதுபோல நிற்பார். சுபா பாளையம்பட்டிப் பெண், டவுன் பஸ்ஸில் வருவாள். எங்களில் கை வேகம் அவளுக்குத்தான். இந்தக் கதையில் கெட்டவர் யார் என்று தேடிக் களைத்துப் போகாதீர்கள். நானும் ரொம்ப நாள் தேடினேன். ஒருவர் கிடைத்திருந்தால் அவரைத் திட்டிவிட்டாவது தூங்கியிருப்பேன்.

கம்பெனிக்காரர்கள் படங்களைப் பார்க்க வருகிற நாள். முதல் சில ஊர்களை மட்டும் ஏற்றி, ஒவ்வொரு மரமாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சுபாவின் கை திடீரென்று நின்றது.

"அண்ணே, இது ஒண்ணு மட்டும் வரைய மாட்டேங்குது. சைக்கிள்ங்குது."

"சைக்கிளா? கீழ ஸ்டாண்டுல நிப்பாட்டச் சொல்லு" என்றேன். அன்றைக்கு எனக்குக் கிண்டல் வந்தது.

பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பெழுத்தில் அந்த ஒரே சொல்தான் இருந்தது. சுழல் என்று அர்த்தம். குடும்ப மரம் என்றால் கோடு கீழ்நோக்கியே போக வேண்டும். தகப்பன், பிள்ளை, பிள்ளையின் பிள்ளை. போன கோடு திரும்பி வந்து தொடங்கிய இடத்திலேயே முட்டினால், லைப்ரரி வரைய மறுத்துவிடும். நான் குனிந்து பெயர்களைப் படித்தேன். மு. கருப்பசாமியின் மகன் க. முனியசாமி. க. முனியசாமியின் மகன் மு. கருப்பசாமி. கருப்பசாமி தன் மகனுக்கே மகனாகப் பிறந்திருந்தார்.

சுபா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் எனக்கும் என் தாத்தா பெயர்தான். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் என் அம்மா கடைசிவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'நாயனா', அதாவது 'அப்பா' என்பார். தறிக்காரர் வீடோ விவசாயம் பார்க்கும் சம்சாரி வீடோ, இந்தப் பக்கத்தில் மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர். இதையே தலைமுறை தலைமுறையாகச் செய்தால் தாத்தாவின் இனிஷியலும் பேரனின் இனிஷியலும்கூட ஒன்றாகிவிடும். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பெயரைத் தாங்குகிறவன். மொழி அவ்வளவு பச்சையாகச் சொல்லி வைத்திருக்கிறது. எங்கள் ஆபீசில் இருந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் தாத்தா பெயரைச் சுமந்துகொண்டு திரிபவர்கள். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. வெளியூர்க்காரன் செய்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டான் என்று விடலாம்.

நடந்தது இதுதான். ஊர், இனிஷியல், பெயர் மூன்றையும் ஒட்டி, அதையே ஒவ்வொரு ஆளுக்கும் அடையாளமாக வைத்திருந்தோம். ஜாவாஸ்கிரிப்டில் ஒரே அடையாளத்தோடு இரண்டாவது ஆள் வந்தால், முதலில் இருந்தவர்மேல் அவர் எழுதப்பட்டுவிடுவார். சத்தம் வராது, எச்சரிக்கை வராது. தாத்தா கருப்பசாமி 'இறந்தவர்' என்று முதலில் ஏறினார். பேரன் கருப்பசாமி 'இருக்கிறார்' என்று பின்னால் ஏறினான். இருவரும் ஒரே புள்ளி ஆனார்கள். தாத்தாவின் நிலம், பேரனின் உயிர், இரண்டும் அந்தப் புள்ளிக்கு வந்து சேர்ந்தன.

மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே வந்தார். "கம்பெனிக்காரங்க காரியாபட்டி தாண்டிட்டாங்க, இப்ப வந்துருவாங்க. என்ன நிக்குது இங்க?"

"இது ரெண்டு ஆளு சார். தாத்தாவும் பேரனும். ஒண்ணாச் சேந்துருச்சு" என்றேன்.

"பிரிச்சு விடுங்க."

"இத மட்டும் பிரிச்சாப் பத்தாது. அடையாளம் வைக்கிற முறையையே மாத்தணும். இன்னும் ஏத்தாத ஊரெல்லாம் இருக்கு, அங்கயும் இதேதான் வரும்."

"அதெல்லாம் அப்புறம் சார். இப்ப என்ன காட்டறது?"

"இந்த நிலத்த வெறுமையா விடுங்க. தெரியலைன்னு எழுதுங்க. ஊருக்குப் போய்க் கேட்டுட்டு வந்து வரைவோம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தெரியலைன்னு சொல்றதுக்கா சார் நம்மளக் கூப்பிட்டிருக்காங்க?"

சுபா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "திரும்பி வர்ற கோட்ட மட்டும் வெட்டி விட்டா படம் வந்துரும் சார். எங்க சுழல் வந்தாலும் கடைசிக் கோட்ட வெட்டுன்னு ஒரு வரி எழுதினாப் போதும்."

"எழுது."

"வெட்டினா தப்பான மரம் வரும். யாரோ ஒருத்தர் காணாமப் போவாங்க" என்றேன்.

"டெமோதான சார். நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்."

ஊதுகிற சங்கை ஊதினேன். விடியத்தான் இல்லை. சுபா அந்த வரியை எழுதினாள். முனியசாமியிலிருந்து பேரனுக்குப் போன கோடு அறுந்தது. உடனே படம் வந்துவிட்டது. மேலே கருப்பசாமி, பச்சை. கீழே அவர் மகன் முனியசாமி, மகள் இருளாயி, இரண்டும் சாம்பல். எங்கேயும் உறுத்தல் இல்லாத, கண்ணுக்கு அடக்கமான மரம். அந்த அறையில் அன்று உண்மை பேசியது சிவப்பெழுத்தில் வந்த அந்தச் சொல் ஒன்றுதான். அதன் வாயை ஒரு வரியில் அடைத்துவிட்டு, காபி வாங்கிவர ஆள் அனுப்பினோம்.

வந்தவர்களுக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. புள்ளிகள் நடுங்கி அடங்குவதை இரண்டு மூன்று தடவை திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தார்கள். போகும்போது எல்லா மரங்களையும் தரவிறக்கி எடுத்துக்கொண்டார்கள். டெமோ என்பது நமக்குத் தெரியும், படத்துக்குத் தெரியாது. அதன் ஓரத்தில் அப்படி எழுதியிருக்கவும் இல்லை. இந்த ஒரு மரத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்று நான் மெயில் அனுப்பினேன். 'நன்றி, கவனத்தில் கொள்கிறோம்' என்று பதில் வந்தது. உங்களுக்கு எப்போதாவது இப்படி ஒரு பதில் வந்தால், பதிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய்விடுங்கள்.

மறுநாள் சரி பண்ணவில்லை. மறுநாள் அடுத்த ஊர்களின் விவரம் வந்தது, அதை ஏற்றினோம். அதற்கடுத்து இன்னும் சில ஊர்கள். சிவப்பெழுத்து ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு வரி எல்லா ஊரிலும் விடாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஞாபகப்படுத்தும்போதெல்லாம் மேனேஜர் "இந்த வாரம் சார்" என்பார்.

பங்குனி பிறந்து வெயில் ஏறியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண் படி ஏறி வந்து வாசலில் நின்றார். ஐம்பதைத் தாண்டிய வயது. செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் எடுத்து வைத்திருந்தார்.

"எங்க குடும்பத்தக் கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருக்கது இங்கனயா?"

"வாங்கம்மா, உக்காருங்க. எந்த ஊரு?"

"திருச்சுழிக்கு அங்கிட்டு. எம் பேரு இருளாயி. எங்கய்யா பேரு கருப்பசாமி. எங்க காட்டுல கல்லு ஊன்றாக. நான் போய் மறிச்சேன். உங்க கையெழுத்து வேண்டியதில்ல, கம்ப்யூட்டர்லயே போட்டுருக்குன்னு சொல்றாக. எந்தக் கம்ப்யூட்டருன்னு கேட்டுக்கேட்டு வாரேன்."

சுபா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இருளாயி குடித்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். கல்யாணம் பண்ணிப் போன இடத்தில் புருஷன் செத்துப்போக, பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவர். கொஞ்ச காலத்தில் அண்ணன் முனியசாமியும் மதினியும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அவர்கள் பையனை இவர்தான் வளர்த்தார். அப்பா விட்டுப்போன புஞ்சையில் குதிரைவாலி விதைத்து, ஆடு வைத்து, அங்கேயே ஒரு கூரை போட்டுக் குடியிருந்தார். பையன் வளர்ந்து திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனான். புஞ்சைக் காட்டைப் பார்த்துக்கொண்டு இவர் மட்டும் இருந்தார். அந்தக் காட்டை விட்டால் அவருக்கு வேறு இடம் கிடையாது.

"நான் எங்கன இருக்கேன்னு காமிங்க" என்றார்.

நான் படத்தைத் திறந்தேன். புள்ளிகள் நடுங்கி அடங்கின. கீழே வலது பக்கத்துப் புள்ளியைக் காட்டினேன்.

"இது ஏன் சாம்பலா இருக்கு?"

அவர் விரல் மேலே போனது. "இது யாரு, எங்கய்யாவா?"

"ஆமாம்மா."

"அவரு ஏன் பச்சையா இருக்காரு?"

"உசுரோட இருக்கார்னு அர்த்தம்."

அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கய்யாவுக்கு நாந்தான் வாய்க்கரிசி போட்டேன்" என்றார். விரலைப் படம் முழுக்க ஓட்டிவிட்டு, "எம் மருமகன எங்க காணோம்?" என்றார். அண்ணன் மகனைத்தான் சொன்னார்.

"அவரும் அந்தப் புள்ளிதாம்மா. தாத்தா பேரு, பேரன் பேரு ஒண்ணா இருக்கவும் கம்ப்யூட்டரு ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கிருச்சு."

"வீட்டாளுகள எழுதக் கம்பெனில இருந்து வந்த புள்ளைட்ட நாந்தான சொன்னேன். ஒங்க அண்ணன் மகன் பேரு என்னன்னு கேட்டுச்சு. எங்கய்யா பேருதான்னு சொன்னேன். எங்க மதினி இருந்தவரைக்கும் அவனப் பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்ல, நான் ஒருத்திதான் வாய் நெறையக் கூப்புடுவேன்னு அதுட்டச் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கேட்டவரும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்கு அன்று வந்த ஆத்திரம் யார்மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவரிடம் மருமகனின் போன் நம்பரை வாங்கி, திருப்பூருக்குப் போன் போட்டேன். கருப்பசாமி பின்னால் தையல் மெஷின் சத்தத்தோடு பேசினான்.

"கையெழுத்துப் போட்டேன் சார். படத்தக் காமிச்சாக, நான் பச்சைப் புள்ளிய மட்டுந்தான் பாத்தேன். பட்டாவுலயும் மு. கருப்பசாமின்னு எம் பேருதான் இருந்துச்சு. தாத்தா எனக்கு எழுதி வச்சுட்டுப் போயிருக்காருன்னு நெனச்சேன்."

"அத்தைட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கணுமான்னு கேட்டேன் சார். அவுக சாம்பலா இருக்காக, கேக்க வேண்டியதில்லைன்னாக." அவனுக்கு விஷயம் புரிய ஆரம்பித்திருந்தது.

போனை இருளாயியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வையிங்க சார். அவன் பேரு போட்டுருக்கு, போட்டுட்டான். அவன என்னத்தச் சொல்ல?"

அன்றைக்கே அவரோடு பஸ் ஏறினேன். திருச்சுழியில் இறங்கி ஓர் ஆட்டோ பிடித்துப் போனோம். வேலிக் கம்பிக்குக் கல் ஊன்றி முடித்திருந்தார்கள். கருவேல மரங்களைத் தோண்டி எடுத்துக் குவித்திருந்தார்கள். இருளாயியின் கூரையை இன்னும் தொடவில்லை, அதற்கு அந்தப் பக்கமாக மண் அள்ளும் இயந்திரம் நின்றது. குவித்துக் கிடந்த கருவேலத்தில் ஆடுகள் காய் மேய்ந்துகொண்டிருந்தன. அங்கிருந்த இன்ஜினியர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். நிலத்துக்காரர் தாத்தா என்றும், அவர் செத்துப்போய்விட்டார் என்றும், இந்த அம்மா வாரிசு என்றும் நான் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் போனை எடுத்து ஒரு படத்தைத் திறந்து என் முன்னால் நீட்டினான்.

"இது உங்க ஆபீஸ் போட்டதுதான சார்?"

எங்கள் ஆபீஸ் போட்டதுதான். எழுத்துரு, நிறம், கோட்டின் வளைவு எல்லாம் நான் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவை. கோடு எவ்வளவு வளைந்தால் பார்ப்பவருக்கு நம்பிக்கை வரும் என்று ஒரு காலத்தில் சுபாவுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன்.

"இது தப்பு தம்பி" என்றேன்.

"இருக்கலாம் சார். எங்களுக்குப் பச்சையா, சாம்பலா, அது மட்டுந்தான் பாக்கச் சொல்லியிருக்காங்க. நீங்க மேல பேசுங்க."

மேலே பேசினேன். அதற்கும் மேலே பேசினேன். வக்கீல் ஒருவரைப் பிடித்து இருளாயியைக் கூட்டிக்கொண்டு போனேன். "கேஸ் நல்ல கேஸ், ஜெயிக்கலாம். ஆனா அது ஜெயிக்கிறதுக்குள்ள அங்க தகடு பதிச்சுக் கரண்டு ஓட ஆரம்பிச்சுரும். பதிச்சதப் பிடுங்க வைக்கிறது லேசில்ல" என்றார். அவர் சொன்னபடிதான் நடந்தது. கேஸ் இன்னும் வாய்தாவில் நிற்கிறது. கரண்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆபீசில், இந்த வாரம் என்பது ஒருவழியாக வந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் பெயரோடு சம்பந்தமில்லாத தனி எண் கொடுத்து, சுபா எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். அதற்கு முன்னால், அந்த வெட்டு வரியை எடுத்துவிட்டுப் பழைய ஊர்களை எல்லாம் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கன்சோலில் சிவப்பு வர ஆரம்பித்தது. கருப்பசாமி, இருளப்பன், முனியாண்டி, மறுபடியும் ஒரு கருப்பசாமி. சுபா திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள்.

"அண்ணே, நிக்க மாட்டேங்குதுண்ணே" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். மேனேஜரும் பின்னால் நின்று பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் அவர் சொன்னது இதுதான். "முடிஞ்ச ஊர விட்ருங்க. இனிமே வர்றது சரியா இருந்தாப் போதும். பழசக் கெளறினா ஆபீச இழுத்து மூட வேண்டியதுதான்."

நான் கிளறினேன். கம்பெனிக்கு எழுதினேன், பதில் இல்லை. அந்தச் சிவப்புப் பெயர்களில் சில வீடுகளுக்கு நானே போனேன். சில வீடுகள் பூட்டிக் கிடந்தன. சில வீடுகளில் அண்ணனும் தங்கையும் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு, நீ ஏமாற்றினாய், நான் ஏமாந்தேன் என்று ஊரைக் கூட்டி முடித்திருந்தார்கள். கம்ப்யூட்டர் செய்த தப்பு என்று நான் போய்ச் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. கம்ப்யூட்டர் தப்பு செய்யாது என்று எனக்கே எடுத்துச் சொன்னார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்கள், எனக்கு வாலும் அகப்படவில்லை. அதோடு வேலையை விட்டுவிட்டேன். ஓய்வு பெற்றேன் என்று மேலே எழுதியது மரியாதைக்காக. சுபாவும் வேறு ஆபீசுக்குப் போய்விட்டாள். குடும்ப மரம் வரைகிற வேலை மட்டும் வேண்டாம் என்று சொல்லிச் சேர்ந்தாளாம்.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்று கேட்பீர்கள். பெயரை அடையாளமாக வைக்காதே என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, அதற்கு நான் வேண்டாம். நான் சொல்ல நினைப்பது அந்த வெற்றிடத்தைப் பற்றி. படத்தில் ஓர் இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதியிருந்தால், யாராவது ஒருவர் நேரில் போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்கப் போனவர் இருளாயியின் கூரை வாசலில்தான் போய் நின்றிருப்பார். கார் காரியாபட்டி தாண்டிவிட்டது என்று யாராவது சொல்லும்போது, தெரியவில்லை என்று எழுத உங்களுக்குத் தைரியம் வர வேண்டும். வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அன்றைக்கு நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. சொன்னவன் என்ற பெயர் எனக்கு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. வேலையை விடுவதற்கு முன் அந்தக் குடும்பத்தின் சரியான மரத்தை வரைந்து, காகிதத்தில் எடுத்து வைத்திருந்தேன். மேலே தாத்தா, இறந்தவர் என்று கறுப்பில். கீழே முனியசாமி, அவரும் கறுப்பு. அவருக்குக் கீழே பேரன் கருப்பசாமி, பச்சை. முனியசாமிக்குப் பக்கத்தில் இருளாயி, பச்சை. அதை எடுத்துக்கொண்டு போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். கூரை போனபின் ஆடுகளை விற்றுவிட்டு, பாளையம்பட்டியில் ஒரு சின்ன ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறார். பின்கட்டில் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து காகிதத்தை வாங்கினார். நான் ஒவ்வொரு புள்ளியாகச் சொன்னேன்.

"நான் பச்சையாயிட்டேனா?"

"ஆமாம்மா."

"இதக் காமிச்சா வேலிக்குள்ள விடுவாகளா?"

"விடமாட்டாங்கம்மா."

தலையை ஆட்டிக்கொண்டார். காகிதத்தை மடிக்கப் போனவர் மறுபடியும் விரித்தார். "மருமகனுக்குப் பையன் பொறந்திருக்கான் சார். போன் பண்ணான், ரொம்ப நாளைக்கு அப்பறம். எங்கண்ணன் பேருதான் விட்டுருக்கான், முனியசாமின்னு. அவன்ட்ட குடுக்கதுக்கு அந்தப் பேருதான இருக்கு."

காகிதத்தை என் பக்கம் திருப்பி, கருப்பசாமிக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில் ஈரம் காயாத விரலை வைத்தார்.

"இவனையும் கம்ப்யூட்டர்ல ஏத்திருங்க சார். பச்சையாப் போடுங்க."

"ஏத்திர்றேம்மா" என்றேன். ஆபீசில் அந்தப் படங்களைத் திறக்கிற கடவுச்சொல்லை, நான் வேலையை விட்ட அன்றே மாற்றிவிட்டார்கள்.